இரட்டைக்கால் ஸ்டாண்டு

யாருக்கும்மா, பையனுக்கா என்றார் இம்தியாஸ்.
எனக்கு என்றதும்
கூடை வைத்த ரோஸ் நிற வண்டியை உருட்டிவந்தார்.
எனக்குப் பையன் இல்லை, ரோஸும் பிடிக்காது.
இரண்டில் ஒன்றைத்தான் சொன்னேன்.

கழிஞ்சூரிலிருந்து தோட்டப்பாளையம்
போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு,
நடுவில் பாலாற்றுப் பாலம்.
ரத்த வங்கியில் வேலை.
ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி.
யார் முழங்கை யார் விலாவில் என்று தெரியாமல்
ஷேர் ஆட்டோவில் பதினொரு வருஷம்.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
வேலைக்கும் வேணும்
சும்மா சுத்தவும் வேணும் என்றேன்.

சும்மா சுத்த.
டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பையன்
பம்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

அப்ப இதப் பாரும்மா, இருபத்தியோரு கியரு,
பாலமதி மலைக்கே ஏறிகினு போலாம்.
சாம்பல் நிறம், ஒல்லி.
இரண்டு விரலில் தூக்கிக் காட்டினார்.
செயின் கவர் இல்லை, துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டேன்.
மட்கார்டு இல்லை.
ஐப்பசியில் விருதம்பட்டு ரோடு எப்படி இருக்கும்
என்று முதுகு யோசித்தது.
கேரியர் இல்லை. சாப்பாட்டுக் கூடை, குடை, மாற்றுச் செருப்பு
எல்லாம் எதன்மேல் உட்காரும்?
ஆனாலும் அழகாக இருந்தது,
வேறு யாருடைய ஞாயிற்றுக்கிழமையோ போல.

ஓட்டிப் பார்க்கிறேன் என்று
கைப்பையை ஈடு வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கிரீன் சர்க்கிளில் எல்லா லாரியும்
என்னைத் தேடியே வந்ததுபோல் இருந்தது.
ஒன்பதாவதில் விட்ட சைக்கிள்.
மறக்காது என்பார்கள்,
தொடைக்கு எதுவும் நினைவில்லை.
பாலத்தில் பக்கவாட்டில் ஆடிக்காற்று.
எந்தப் பக்கம் தள்ளுவதென்று தெரியாமல்
கியரைத் தள்ளினேன்.
கடகடவென்று ஏதோ இடம் மாற
கால் திடீரென்று லேசானது.
என்னைக் கேட்காமலே பாலம் முடிந்துவிட்டது.

திரும்பும்போது நடுப்பாலத்தில் நிற்கத் தோன்றியது.
கீழே மணல், ஒரு நூல் தண்ணீர்,
அதிலும் பிடிவாதமாக நான்கு கொக்கு.
இறங்கினேன். வண்டி நிற்கவில்லை.
கைப்பிடிச் சுவரில் சாய்த்தால் வழுக்கியது,
விட்டால் விழுந்தது.
யாரோ கொடுத்துவிட்டுப் போன பிள்ளையைப்போல்
அதைப் பிடித்துக்கொண்டே ஆற்றைப் பார்த்தேன்.
இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

முக்கா மணி நேரம் என்றார் இம்தியாஸ்,
பை இருக்குதேன்னு தைரியமா இருந்தேன்.
பில்லு போட்டுடவா?

போடாதீங்க.
மாசத்துக்கு ஒரு ஞாயிறுதான் எனக்கு லீவு.
அந்தக் கறுப்பை எடுங்க, மூலையில இருக்கே.

அதுவா! பால்காரங்க வாங்கறதும்மா, கனம்.
பார் வேற குறுக்கால இருக்கு.

சீட்டை இறக்குங்க.

ஸ்பேனரைத் தேடி இறக்கினார்.
ஏறி நின்று பார்த்தேன், ஒரு விரற்கடை மிச்சம்.
பிறகு அவர் கேரியரைப் பிடித்துப் பின்னால் இழுக்க
பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பி
இரட்டைக்காலில் நின்றது வண்டி,
யாரும் பிடிக்காமல்.
தட்டிப் பார்த்தேன்.
இன்னொரு தடவை தட்டினேன்.
விலையில் நூறு குறைத்து
மணியும் பூட்டும் சேர்த்துக் கேட்டேன்.
மணி மட்டும் தந்தார்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து ஏழே காலுக்கு
நடுப்பாலத்தில் இறங்குகிறேன்.
டக்.
இரண்டு கையும் எனக்கே.
பெயர் எழுதாத ரத்தம் ஒன்றும் இல்லை இங்கே,
லேபிள் ஒட்டும் வேலையும் இல்லை.
பெடலை ஒரு மிதி மிதித்துவிட்டால்
நகராத வண்டியில்
பின்சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பைக்கில் போகிறவர்கள் வேகம் குறைத்துக் கேட்கிறார்கள்,
செயின் கழண்டுக்கிச்சாக்கா?

இல்லப்பா.

பஞ்சரா?